மூன்றாம் புத்தகத்தில் பட்ட கை

அத்தியாயம் பதினொன்று

வண்டியிலிருந்து இறங்கியது லவீனாதான்.

போன அத்தியாய முடிவில் சாலமி சமையலறை ஜன்னலில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு, 'அவளா இருக்கக் கூடாது, அவளா இருக்கக் கூடாது' என்று ஜெபித்துக்கொண்டிருந்தாளே, அந்த ஜெபம் கேட்கப்படவில்லை. வீவர்ஸ் கிரீக் சபையில் நூற்றிருபது குடும்பம்; அத்தனை பேருக்கும் ஒரே கறுப்பு வண்டி, ஒரே கறுப்புத் தொப்பி, ஒரே கறுப்புச் சால்வை. பெற்ற பிள்ளையையே பக்கத்தில் வந்த பிறகுதான் அடையாளம் தெரியும். ஆனால் சாலமி தன் ஓரகத்தியை மட்டும் அரை மைல் தூரத்தில், சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் வரும்போதே கண்டுபிடித்துவிடுவாள். பாசத்துக்குக் கண்ணாடி வேண்டும், பொறாமைக்கு வேண்டாம்.

பொறாமை எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? லவீனா கட்டியிருப்பதும் இதே முரட்டுத் துணி. நகை அவளிடமும் இல்லை, இந்தச் சபையில் யாரிடமும் இல்லை. சாலமி பொறாமைப்பட்டது அவளுக்கு வந்த ஒரு சிலுவையைப் பார்த்து!

ஏப்ரலில் சபைக்கு, பிஷப்புக்குக் கைத்துணையாக, ஒரு டீக்கன் தேவைப்பட்டது. ஆறு ஆண்களின் பேர் வந்தது. மேசைமேல் ஆறு பாட்டுப் புத்தகங்களை நூல் கட்டி வைத்தார்கள். ஒன்றுக்குள் மட்டும் சீட்டு. சீட்டுள்ள புத்தகத்தை எடுத்தவன் கர்த்தர் தேர்ந்தவன். சாகும்வரை அவன்தான் டீக்கன். மனஸ்தாபம் உள்ள வீட்டுக்கெல்லாம் போய்ச் சமாதானம் பேச வேண்டும். கூலி கிடையாது, நன்றி அதைவிடக் கிடையாது.

வயதில் மூத்தவன் என்று சாலமியின் கணவன் ஓனியஸ் ஷெர்க் முதலில் எழுந்தான். அவன் கை மூன்றாம் புத்தகத்தின்மேல் பட்டது. நின்றது. நகர்ந்து நாலாவதை எடுத்தது. அடுத்து எழுந்த தம்பி ஆம்ஸி மூன்றாவதை எடுத்தான். சீட்டு அதில் இருந்தது.

சீட்டு விழுந்தவன் மனைவி அழ வேண்டும் என்பது வழக்கம். ஆம்ஸியின் மனைவி லவீனா அழுதாள். துணைக்குப் பெண்கள் பக்கம் முழுக்க அழுதது. எல்லாரையும்விட உரக்க அழுதது சாலமி. காரணம் அவளுக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரியும்.

அன்று மாலையே லவீனா வீட்டுக்கு ஆறுதல் சொல்லத் திராட்சை பைகள், அதாவது மாவுக்குள் உலர்திராட்சை வைத்துச் சுட்ட பலகாரங்கள், வந்து குவிந்தன, சாவு விழுந்த வீட்டுக்குச் சுட்டு எடுத்துப் போவார்களே அதே பைகள். மொத்தம் பதினேழு. சாலமி எண்ணினாள். அதில் ஒன்று அவளே சுட்டது. இருந்ததிலேயே அதுதான் நன்றாக இருந்தது என்று அவளே சொல்லிக்கொண்டாள். வேறு யாரும் சொல்லவில்லை.

பொறுக்குமா? மறுவாரம் பெண்கள் போர்வை தைக்கக் கூடியபோது, அல்மீடா பவுமன் காதில் ஒரே ஒரு வார்த்தை போட்டாள். "எங்க வீட்டுக்காரர் கைதான் முதல்ல பட்டுது. தம்பிக்கு விட்டுக்கொடுத்துட்டார். அவ்வளவு தாழ்மை."

அல்மீடா காதில் போட்டால் ஜெபவீட்டுக் கூரையில் ஏறிக் கத்தின மாதிரி. சபை இரண்டாகப் பிளந்தது. சீட்டு உண்மையில் ஓனியஸுடையது என்றது ஒரு பாதி. கர்த்தருக்குத் தெரியாதா, ஆம்ஸிதான் என்றது மறுபாதி. அறுவடைக்குச் சோளம் வெட்டும் இயந்திரம் வைத்திருந்தவர் ஒரு கட்சி. அள்ளிப் போகிற வண்டி வைத்திருந்தவர் எதிர்க்கட்சி. விளைவு? அக்டோபர் பாதி தாண்டியும் பாதி ஊர்ச் சோளம் நின்ற இடத்தில் நின்றபடி இவர்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

நாளை ஞாயிறு, விசாரிக்கிற நாள். ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்குள் போக வேண்டும். பிஷப் ஈனோஸ் ஃப்ரே ஒரே கேள்வி கேட்பார்: "தேவனோடயும் அயலாரோடயும் சமாதானமா இருக்கியா?" ஒரே ஒருத்தர் 'இல்லை' என்றாலும் இரண்டு வாரம் கழித்து நடக்க வேண்டிய திருவிருந்து நின்றுபோகும், மொத்தச் சபைக்கும். பொய் சொல்லலாமே என்றால், இந்தச் சபையில் பிறந்தவளுக்கு அது மட்டும் வராது. பொறாமை வரும், பொய் வராது. அதுதான் சாலமியின் தொல்லை.

"வா," என்றாள் சாலமி, கதவைத் திறந்து. ஆறு மாதத்தில் அவள் லவீனாவிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

லவீனா துணியில் சுற்றிய எதையோ மேசைமேல் வைத்தாள். மேசை ஆடியது.

"என்ன இது?"

"ரொட்டிக்கா."

"ரொட்டியா?" சாலமி விரலை மடக்கித் தட்டினாள். டொக், டொக். "உள்ளேர்ந்து யாராவது 'வாங்க'ன்னு கதவைத் தொறப்பாங்க போலிருக்கே."

"சிரிக்காதீங்கக்கா. நாலாவது தடவை சுட்டது இது. மொத மூணையும் பன்னிக்குப் போட்டேன். ரெண்டைத் தின்னுச்சு. மூணாவதை மோந்து பாத்துட்டு முதுகைக் காட்டிப் படுத்துக்கிச்சு."

திருவிருந்து ரொட்டியை டீக்கன் மனைவிதான் சுட வேண்டும். நீளநீளமாக வெட்டி, பிஷப் ஒவ்வொருவர் கையிலும் பிட்டு வைக்கும்போது உதிராமல், கல்லாகவும் இல்லாமல் இருக்க வேண்டும். சாலமி சுடும் ரொட்டிக்கோ அந்த வட்டாரத்தில் கோயில் கட்டாத குறை. அவள் அடுப்பைத் திறந்தால் மேற்கு வயல் மாடுகள் மேய்வதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்.

ஆறு மாதமாக இருண்டு கிடந்த சாலமியின் மனதில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

"இவ்வளவுதானே, நானே சுட்டுத் தரேன்," என்றாள், கூடியவரை சாதாரணமாக.

"வேண்டாங்கா. சொல்லிக் குடுங்க, போதும்."

"ஏன், நான் சுட்டா யார் தொண்டைல சிக்கிக்கும்?"

"டீக்கன் பொண்டாட்டிதானே சுடணும்."

வெந்த புண்ணில் வேல். சாலமி பல்லைக் கடித்துக்கொண்டு மாவுப் பானையை இழுத்தாள். புளிப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, எல்லாம் சொன்னாள். தண்ணீர் விஷயத்தில் மட்டும், "வெதுவெதுன்னு தண்ணி" என்று நிறுத்திக்கொண்டாள். அது வெறும் தண்ணீர் இல்லை, உருளைக்கிழங்கு வெந்த தண்ணீர். அதை அவள் பெற்ற மகளுக்கே கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் சொன்னாள்.

லவீனா பிசைய ஆரம்பித்தாள். பிசைவதா அது?

"ஏன் இந்தக் குத்து குத்தற? மாவுடி அது, நம்ம மாமியார் இல்ல."

லவீனா சிரித்தாள். சிரித்த வாய் கோணியது. பிறகு பொலபொலவென்று கண்ணீர்.

"தள்ளி நின்னு அழு. மாவுல விழுந்தா உப்புக் கூடிப்போகும்," என்றாள் சாலமி. ஆனாலும் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து நீட்டினாள்.

"யாருமே என்கிட்ட எதுவும் சொல்ல மாட்டேங்கறாங்கக்கா."

"என்னது?"

"முந்தியெல்லாம் தைக்கப் போனா யார் வீட்ல என்ன சண்டை, யார் பொண்ணை யார் வண்டில கூட்டிட்டுப் போனான், எல்லாம் தெரியும். இப்ப நான் உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் பைபிள்ல சங்கீதம் நூத்திப்பத்தொம்போதைப் பத்திப் பேச ஆரம்பிச்சுடறாங்க. எத்தனை நாளைக்குத்தான் அதையே கேக்கறது? ரொம்ப நீளம் வேற!"

சாலமி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, ஊர்தான் பேசல, வீட்ல? அவர் சாயங்காலமானா கிளம்பிடறார். மெட்ஸ்கர் வீட்டு வேலிச் சண்டை, ஹார்ஸ்ட் வீட்டு மருமகச் சண்டை. திரும்பி வந்தா வாயைத் தொறக்கறதில்ல. தொறக்கக் கூடாதாம். ஊர் ரகசியம் பூரா அவர் வயித்துல. நான் ஒரு பூட்டின பெட்டிகூடக் குடித்தனம் பண்றேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்களைப் பாத்தா எனக்கு வயிறெரியுதுக்கா. விளக்கு வெச்ச நேரத்துக்கு உங்க ஜன்னல் எங்க கொட்டகைலேர்ந்து தெரியும். ரெண்டு நிழல் தெரியும். ஒருத்தருக்கு எதிர ஒருத்தர் உக்காந்து காபி குடிக்கற ரெண்டு நிழல்!"

சாலமி மாவுப் பானையைத் தள்ளி வைத்தாள். தன்னைப் பார்த்து ஒருத்திக்கு வயிறெரிவதா? இந்த வட்டாரத்தில் வயிற்றெரிச்சல் தனக்கு மட்டுமே சொந்தம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள். அதிலும் பாருங்கள், லவீனாவின் எரிச்சலுக்கு நியாயம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதே என்று அதற்கும் ஒரு நிமிஷம் பொறாமைப்பட்டாள்.

அப்புறம் உடைந்தாள்.

"உனக்கு வந்த பையை நான் எண்ணினேன்டி."

"எதை?"

"திராட்சை பையை. ஏப்ரல்ல. பதினேழு."

"பதினெட்டுக்கா. ஒன்னை யாரோ கொட்டகைல வெச்சிட்டுப் போயிட்டாங்க, மறுநாள்தான் பாத்தோம்."

"பதினெட்டா!" என்று அலறினாள் சாலமி. பிறகு சுதாரித்துக்கொண்டு, "சரி, அதை விடு. அல்மீடாகிட்ட அந்தப் பேச்சைப் போட்டது நான்தான். சபை ரெண்டானது என் வாயால. மன்னிச்சுக்கோ."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். எனக்குக் கோவந்தான். ஆனா அது நீங்க சொன்னதுக்காக இல்லக்கா, நீங்க சொன்னதை இந்தப் பிஷப் காதுல வாங்கலயேன்னு! பெரியத்தான் கை பட்டதை நானும் என் கண்ணால பாத்தேன். தெனமும் முழங்கால் போட்டு வேண்டிக்கறேன், கர்த்தாவே, அது அவரோடதுதான், அவர்கிட்டயே குடுத்துருன்னு."

ஆறு மாதமாகச் சபையைப் பிளந்த எதிர்க்கட்சியின் தலைவி, பார்த்தால், இந்தக் கட்சியின் முதல் உறுப்பினர்!

"உருளைக்கிழங்கு வெந்த தண்ணிடி," என்றாள் சாலமி திடீரென்று.

"என்னக்கா?"

"வெறும் தண்ணி ஊத்தாத. உருளைக்கிழங்கு வேக வெச்ச தண்ணி. மறைச்சுட்டேன். அதையும் மன்னிச்சுக்கோ."

மாவுக் கையோடு இருவரும் கட்டிக்கொண்டார்கள். இரண்டு கறுப்புச் சட்டைகளிலும் பத்துப் பத்து வெள்ளை விரல்கள் பதிந்தன. கட்டிக்கொண்ட கையோடு ஒரு முடிவும் எடுத்தார்கள்: நாளைக்குப் பிஷப் முன்னால் ஓனியஸ் போய், 'சீட்டு என்னுடையது' என்று சொல்லிவிட வேண்டியது. லவீனாவுக்குக் கணவன் திரும்பக் கிடைப்பான், சாலமிக்கு டீக்கன் மனைவியின் முன்வரிசை இடம் கிடைக்கும், சபைக்குச் சமாதானம் கிடைக்கும். இதைவிட எளிய வழி சாலொமோன் ராஜாவுக்கே தோன்றியிருக்காது.

ஓனியஸ் அந்த நேரம் பார்த்துக் காபிக்கு உள்ளே வந்தான். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசுகிறவன். அதில் பதினைந்து குதிரைக்கு. ஓரகத்திகள் இருவரும் கைகோத்து நிற்பதைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று தொப்பியைக் கழற்றினான்.

"என்னங்க, உக்காருங்க," என்றாள் சாலமி. "சீட்டு உங்களோடதுதான். நாளைக்குப் பிஷப்கிட்ட சொல்லிடுங்க. நாங்க ரெண்டு பேரும் சாட்சி."

"தம்பிக்கு விட்டுக்கொடுத்தது போதும் பெரியத்தான்," என்றாள் லவீனா. "இவ்வளவு தாழ்மை ஆகாது."

ஓனியஸ் தொப்பியைத் திரும்ப மாட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தன் வலது கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தான்.

"விட்டுக்கொடுக்கல," என்றான். "பயந்துட்டேன்."

அடுப்பில் விறகு சடசடத்தது.

"எனக்கு விழக் கூடாதுன்னு ஒரு வாரமா வேண்டிக்கிட்டிருந்தேன். நடந்து போனேன். மூணாவதுமேல கை வெச்சேன். வெச்சதும் தெரிஞ்சுபோச்சு, இதுலதான் இருக்குன்னு."

"எப்படித் தெரியும்?"

"தெரியல சாலமி. தெரிஞ்சுது. கையை எடுத்துட்டேன். அடுத்து வர்றது என் தம்பின்னு தெரிஞ்சேதான் எடுத்தேன்." "ஆறு மாசமா ஊரே என்னைத் தாழ்மைக்காரன்னு சொல்லுது. மெட்ஸ்கர் கிழவர் என் கையைப் பிடிச்சு முத்தம் குடுத்தார். இந்தக் கையை! அன்னிக்கெல்லாம் சோறு இறங்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ரொம்பப் பெருமையா இருந்த."

சாலமிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆறு மாதமாக ஒரு பொம்மையை ஜோடித்து, ஊரெல்லாம் தூக்கிக் காட்டி, அதற்குக் கீழே இந்த மனிதன் நசுங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்கவேயில்லை.

"நாளைக்குச் சமாதானமான்னு கேட்டா, நான் இல்லன்னுதான் சொல்லணும்," என்றான் ஓனியஸ். "திருவிருந்து என்னாலதான் நிக்கும். அதுக்கு முன்னாடி ஆம்ஸிகிட்ட சொல்லணும். தப்பு பண்ணினவன் மொதல்ல அவன்கிட்டதானே போகணும்? இப்பவே போறேன்."

"அப்ப…" லவீனா மெல்லக் கேட்டாள், "சீட்டு?"

"பிஷப் என்ன சொல்றாரோ அது. எடுத்துக்கோன்னா எடுத்துக்கறேன். பயம் இன்னும் போகல. ஆனா எடுத்துக்கறேன்."

லவீனாவின் முகத்தில் வெளிச்சம் பரவியதைச் சாலமி பார்த்தாள். இனி அந்த வீட்டு ஜன்னலில் இரண்டு நிழல். இந்த வீட்டில் ஒன்று. பூட்டின பெட்டி இங்கே வந்து இறங்கும். சங்கீதம் நூற்றுப்பத்தொன்பதும் கூடவே வரும்.

கேட்டதெல்லாம் கிடைக்கப்போகிறது என்று தெரிந்ததும் சாலமிக்கு அதில் பாதி வேண்டாம் என்று தோன்றியது. 'இவளுக்கு மட்டும் எல்லாம் எப்படித்தான் வாய்க்கிறதோ, வந்தபோதும் பை, போகும்போதும் சிரிப்பு!' பழைய தீ அணையவில்லை. விறகை மட்டும் மாற்றிக்கொண்டது.

அவள் தொப்பியை எடுத்து நாடாவை முடிந்தாள்.

"நீ எங்க?" என்றான் ஓனியஸ்.

"அல்மீடா வீட்டுக்கு. தம்பிகிட்ட சொல்றது உங்க பாடு. நான் கிளப்பினதை நானே போய் இறக்கி வைக்கணும்."

"என்னன்னு சொல்லுவ?"

"எங்க வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கல, பயந்துட்டார்னு."

ஓனியஸ் தலையை மட்டும் அசைத்தான். குதிரையைப் பூட்டிக் கொடுக்கும்போது, நாளைய கணக்கிலிருந்து கடன் வாங்கி, "மெதுவா ஓட்டு," என்றான். இரண்டு வார்த்தை. சாலமி எண்ணிக்கொண்டாள்.

முச்சந்தியில் இரண்டு வண்டிகள் இடப்பக்கம் ஆம்ஸி வீட்டுக்குத் திரும்பின. சாலமி வலப்பக்கம் திரும்பினாள். பின்னாலிருந்து லவீனா ஏதோ பாட்டை முணுமுணுப்பது காற்றில் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பாடுகிறாள், கொடுத்துவைத்தவள். சாலமி குதிரையை ஒரு தட்டுத் தட்டினாள்.

அல்மீடா வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் வாசலில் இல்லாத நேரம் எது?

"வா சாலமி, வா! உன் வீட்டுக்காரர் வண்டியும் டீக்கன் பொண்டாட்டி வண்டியும் ஒன்னா போகுதே, என்ன விசேஷம்? மேல என்ன, மாவா? மாவுல கைத்தடமா?"

சாலமி இறங்கவில்லை. இறங்கினால் காபி வரும், கேக் வரும், தைரியம் போய்விடும். வண்டியில் உட்கார்ந்தபடியே, ஒரே மூச்சில் சொன்னாள்.

"அல்மீடா, ஏப்ரல்ல நான் உன்கிட்ட சொன்னது தப்பு. அவர் தாழ்மையால விட்டுக்கொடுக்கல. பயந்து கையை எடுத்துட்டார். தாழ்மைங்கறது நான் வெச்ச பேரு. எனக்குப் பொறாமை. லவீனாமேல. நீ யார் யார்கிட்ட சொன்னியோ அவங்ககிட்டயெல்லாம் இதையும் போய்ச் சொல்லு."

சொல்லி முடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இதோ, இப்போது அல்மீடா குதிக்கப்போகிறாள், சால்வையை எடுத்துக்கொண்டு ஓடப்போகிறாள், சாயங்காலத்துக்குள் நூற்றிருபது வீட்டிலும் ஓனியஸ் ஷெர்க் ஒரு கோழை.

ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தாள்.

அல்மீடா வாயடைத்து நின்றாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக இருக்கும். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. திரும்பிக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். அங்கே அவள் கணவன் யூரியாஸ், இவர்கள் பக்கம் முதுகைக் காட்டி, காலியான தொட்டியில் தண்ணீர் ஊற்றுவது போல வெறும் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"இறங்கி உள்ள வா," என்றாள் அல்மீடா, தணிந்த குரலில். தணிந்த குரல் ஒன்று அவளிடம் இருக்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது. "புத்தகம் எடுத்த ஆறு பேர்ல எங்க வீட்டுக்காரரும் ஒருத்தர்னு மறந்துட்டியா? உன் புருஷன் கையைத்தானே எடுத்தார். இவர் என்ன பண்ணினார்னு கேட்டா, நீ இன்னொரு ஆறு மாசத்துக்குத் தூங்க மாட்ட. யார்கிட்டயும் சொல்லல. நான், அல்மீடா, யார்கிட்டயும் சொல்லல!"

சாலமி லகானைக் கட்டிவிட்டு இறங்கினாள். திருவிருந்துக்காகப் பயந்தாள், யூரியாஸுக்காகப் பரிதாபப்பட்டாள், அல்மீடாவுக்காக மனம் இளகினாள். இதெல்லாம் உண்மை.

ஆனாலும், தன் வீட்டு ரகசியத்தைவிடப் பெரிய ரகசியம் ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தபோது, ஒரு மூலையில், லேசாக, அவளுக்குப் புகைந்தது.